தாம்பூலப் பையில் கறுப்பு சாக்லேட்

தேங்காய் எண்ணெய் தொட்ட கட்டைவிரல், சாக்லேட் அட்டையின் மூலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரை மெதுவாகத் தேய்க்கிறது. ஓரம் எழும்பியதும் நகம் உள்ளே நுழைகிறது. 'பாதி விலை' என்ற எழுத்து கிழியாமல் முழுசாக உரிந்து வருகிறது. பசைத் தடத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, கை அடுத்ததை எடுக்கிறது. இவ்வளவு பொறுமையான கைகளை எங்காவது கண்டால், வாசகரே, ஒரு கும்பிடு போடுங்கள். அவை தள்ளுபடி இனத்தைச் சேர்ந்தவை. அதிலும், மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு பயந்துபோகும் உயர்ந்த பிரிவு.

நமக்குக் கிடைத்த மாதிரியின் பெயர் ஈஸ்வரபாண்டி. ஊர் தேவாரம், திராட்சைத் தோட்டம் ராயப்பன்பட்டிப் பக்கம். தேனிக்கு உரம் வாங்கப் போனவர், ஒரு பெரிய கடையில் கறுப்பு சாக்லேட் பாதி விலைக்குக் கிடப்பதைப் பார்த்து, பெட்டியோடு தூக்கி வந்துவிட்டார். அவருக்கு அது பிடிக்குமா? பிடிக்காது. வீட்டில் வேறு யாருக்காவது? கேள்வியே தப்பு. பாதி விலைப் பொருளை வாங்காமல் விட்டால், மீதிப் பாதியைத் தன் சட்டைப் பையிலிருந்து யாரோ உருவிக்கொண்ட மாதிரி இந்த இனத்துக்கு நெஞ்சு பதறும். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்வார்கள். இதயத்துக்கு நல்லது, ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று டீக்கடையில் சொன்னார். சம்பந்தியம்மா சங்கிலியம்மாளைப் போனில் கூப்பிட்டு, மகள் வயிற்றுப் பிள்ளைக்கும் நல்லதாம் என்று சேர்த்துச் சொன்னார்.

அடுத்த வாரமே அதே போனில் செய்தி வந்தது: சில கறுப்பு சாக்லேட்டுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கின்றன, கர்ப்பிணிகள் கவனம். எப்போதாவது ஒரு துண்டு தின்றால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை என்று கடைசிப் பத்தியில் இருந்தது. இந்த இனம் கடைசிப் பத்தி வரை போவதில்லை.

"குப்பையில போட்ருவமா?" என்றார் மனைவி முனீஸ்வரி.

"காசு குடுத்து வாங்குனது."

"அப்பத் தின்னுங்க."

"ஈயம் இருக்குங்கிறேன்."

"அப்பப் போட்ருவோம்."

"ஏத்தா, நல்ல சாமான்த்தா அது."

தின்னவும் முடியாது, எறியவும் முடியாது. அப்படிப்பட்ட பொருளுக்கென்றே நம் முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: விசேஷம். மகள் ஓவியாவுக்கு வளைகாப்பு வந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கோடு பைக்கு ஒரு சாக்லேட். ஊருக்கு ஈயத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். சந்தைக்குப் போகும் திராட்சைப் பந்தலுக்கு விசைத்தெளிப்பானில் பூச்சிமருந்தடித்துவிட்டு, வீட்டுக்கென்று கிணற்றடியில் மருந்தே படாத ஒரு கொடியை வளர்க்கிறவர் அவர். கெட்டவர் இல்லை. ஊர் என்பது வெகு தூரத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

மண்டபத்தில் சங்கிலியம்மாள்தான் முதல் வளையல் போட்டார். அவர் போட்டு முடிப்பதற்குள் எல்லார் கைக்கும் பை வந்துவிட்டது. தன் பையைத் திறந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அடியே, இதான் அண்ணன் சொன்னாகளே, வயித்துப் பிள்ளைக்கு நல்லதுன்னு. எல்லாரும் புள்ளைக்கு ஆளுக்கொரு வாய் குடுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் பைகளைப் பிரித்தார்கள். காகிதம் சரசரத்தது. சந்தனம் பூசிய கன்னத்தோடு ஓவியா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். ஊர் தூரத்தில் இல்லை. மகளின் உதட்டுக்கு ஒரு விரற்கடையில் நின்றது.

"வேணாம் தங்கச்சி," என்று ஈஸ்வரபாண்டி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "அதுல ஈயம் இருக்காம்."

சங்கிலியம்மாள் ஓவியாவிடம் நீட்டிய சாக்லேட் துண்டைக் கீழே இறக்கினார்.

"அப்ப எங்களுக்கு மட்டும் என்னண்ணே, வயித்துல தகரமா அடிச்சிருக்கு?"

பின் வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தேவலை. ஒவ்வொருத்தியும் தன் பையிலிருந்து சாக்லேட்டை எடுத்து, சீர்த் தாம்பாளத்தில் மரியாதையாக வைத்துவிட்டு, வளையல் போடப் போனாள். குவிந்த தட்டை முனீஸ்வரி இரண்டு கையாலும் தூக்கிக் கணவரிடம் நீட்டினார்.

"பிடிங்க. ஊருக்குன்னு வளத்த கொடி, நம்ம வீட்டுலயே காச்சிருக்கு."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பிரிக்காமல் இருக்கும் அந்தப் பெட்டியைப் பாருங்கள். இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று உடனே ஒரு முகம் நினைவுக்கு வருகிறதா? வந்தால், இந்தாருங்கள், தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். மூலையிலிருந்து ஆரம்பியுங்கள்.