பொத்தான் கடையின் புது வெர்ஷன்

"ஏங்க, பத்துப் பொத்தான் கேட்டா கடை நாற்பதுன்னு காட்டுது," என்றாள் மனைவி, பார்சல் கட்டும் அறையிலிருந்து.

பொத்தான்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இணையத்தில் சட்டைப் பொத்தான் விற்பதால் சொந்தபந்தம் அவருக்கு வைத்த பெயர் அது. கடையை நடத்தும் மென்பொருள் என்னவோ எல்லாரும் வைத்திருப்பதுதான். ஆனால் அதைப் பிரித்துப் போட்டு, ஆறு வருஷமாகத் தன் கையாலேயே நூற்றுப் பதினேழு மாற்றங்கள் செய்திருந்தார். ஓட்டை எத்தனை, விளிம்பு எப்படி, பளபளப்பா மங்கலா என்று பதினோரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பொத்தான் கூடையில் விழும். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்துக் காட்டாமல் அனுப்பமாட்டார். "இந்த மாதிரிக் கடை உலகத்துலயே இது ஒண்ணுதான்," என்பார். உண்மைதான்.

பழைய வெர்ஷன் இந்த வாரத்தோடு நின்றுவிடும் என்று மென்பொருள் நிறுவனம் நாலாவது முறையாக எழுதியிருந்தது. அதனால் காலையில் புதியதை ஏற்றினார். பதினோரு கேள்வியும் மாயமாயின. பதறாமல், தன் மாற்றங்கள் எல்லாம் இருந்த பழைய கோப்பை எடுத்துப் புதியதன்மேல் போட்டார். கேள்விகள் திரும்பின. ஆனால் கடை இப்போது பொத்தானை விட்டுவிட்டு ஓட்டையை எண்ண ஆரம்பித்திருந்தது.

"பத்துப் பொத்தான், ஆளுக்கு நாலு ஓட்டை. நாற்பது. கணக்கெல்லாம் சரியாத்தான் போடுது," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"வாங்குறவங்க ஓட்டையையா வாங்குறாங்க?"

"இரு, ஓட்டையால வகுத்துட்டா தீர்ந்துது."

வகுத்தார். பத்து பத்தாகவே வந்தது. கால்மேல் கால் போட்டார். போட்ட காலை இறக்குவதற்குள் கடை மொத்தமும் வெள்ளைத் திரையாகிவிட்டது.

"இப்ப என்னங்க?"

"கோட்டுப் பொத்தான். அதுக்கு ஓட்டையே கிடையாது, அடியில வளையம்தான். பூஜ்யத்தால வகுக்கச் சொன்னதும் படுத்துருச்சு."

ஓட்டை இல்லாவிட்டால் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். கடை எழுந்தது. எழுந்ததும், தன்னிடம் உள்ள ஆயிரத்து நூறு தினுசுக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டைதான் என்று அறிவித்தது.

"ஒத்த ஓட்டைப் பொத்தானை எப்படி சார் தைக்கிறது?" என்று கேட்டாள் பார்சல் கட்டும் பெண். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அதைச் சரிசெய்யப்போனபோது பழைய கோப்பே அழிந்தது. நகல் எடுத்து வைத்திருந்தார்தான். காலையில் புது வெர்ஷன் அசலை அழித்ததிலிருந்து அந்த நகலின்மேல்தான் வேலை செய்துகொண்டிருந்தார்.

நூற்றுப் பதினேழும் போய்விட்டன. ஒரு படம், எத்தனை வேண்டும் என்று ஒரு கட்டம், 'வாங்கு' என்று ஒரு வார்த்தை. மிச்சம் அவ்வளவுதான்.

"மொட்டையா நிக்குது. இதைப் போய் எப்படி நாலு பேர் பாக்க வைக்கிறது?" அவர் குரல் தழைந்துபோயிருந்தது.

மனைவி வந்து தோளில் கை வைத்தாள். "பரவாயில்ல, திறங்க. வந்தவங்க வெளிய நிப்பாங்க."

திறந்தார். கால் மணி நேரத்தில் ஓர் ஆர்டர் வந்தது. பிறகு மூன்று. மதியச் சாப்பாட்டுக்குள் இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது; கடைசியில் நாற்காலியே போதவில்லை, எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தியா? என் கை பட்ட வெர்ஷன். வந்தவங்க யாருக்கும் ஒரு சந்தேகம் இல்ல, ஒரு தடங்கல் இல்ல."

"பாத்தேங்க," என்றாள் மனைவி. அவரைவிட அவள் முகத்தில்தான் பெருமை கூடுதலாக இருந்தது. விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

பார்சல் கட்டும் பெண் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லதாப் போச்சு சார். இத்தனை வருஷமா எல்லாரும் போன்ல அக்காகிட்டதான் கேட்டாங்க. உங்க கடைக்குள்ள போய் அவங்களுக்கு வாங்கிக் குடுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நம்ம அக்காதான்."