அமுதத் தீவனமும் ஏகமனதான வரவேற்பும்

எதைத் தின்பது என்ற முடிவை ஆடுகளிடமே விட்டுவைத்ததுதான் மனிதகுலம் செய்த மாபெரும் பிழை. தரமணியில் அதைத் திருத்தவே பிறந்தது 'தீவனச் சீர்திருத்த மையம்'.

அங்கே ஒப்பந்த ஆய்வாளராகச் சேர்ந்தாள் சாந்தோம் ஷெரில். வைக்கோலில் யூரியாக் கரைசல் தெளித்து, மூடிப் புழுங்கவைத்து, 'அமுதத் தீவனம்' என்று பெயரும் சூட்டியிருந்தார் இயக்குநர் டாக்டர் சந்திரமௌலி. ஆடுகள் அதை எப்படி ரசிக்கின்றன என்று பார்த்து எழுதுவது அவள் வேலை.

ஆடுகள் முகர்ந்தன. தும்மின. பிறகு இயக்குநரின் படம் போட்ட பேனரைத் தின்னப் போயின.

"இன்னா மேடம், அத்த வுட்டுட்டு சாரத் துன்னுதுங்க?" என்றார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் காதர்.

அவசரக் கூட்டம் கூடியது. முந்திரிப் பக்கோடாவை மென்றபடி சந்திரமௌலி ஆழ்ந்து யோசித்தார்.

"தீவனத்துல தப்பே இல்லை. ஆடுகளுக்கு விழிப்புணர்வு போதல."

"நாத்தம் தாங்கல சார், கண்ணு எரியுது," என்றாள் ஷெரில்.

"உங்களுக்கு எரியும். நீங்க ஆடு இல்லையே!"

ஆடுகளின் 'தேர்வுச் சுமை'யைக் குறைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. அதாவது, புல்லும் தழையும் கொட்டகையை விட்டு வெளியேறின. அன்று முழுக்க ஆடுகள் கத்தின. மறுநாள் கத்தத் தெம்பில்லாமல், குனிந்து தின்றன. 'ஏகமனதான வரவேற்பு' என்று எழுதச் சொன்னார் சந்திரமௌலி. ஷெரில் எழுதினாள். மூலையில் ஒரு சினையாடு மட்டும் வாயே திறக்காமல் படுத்துக் கிடந்தது. மதியம் ஷெரிலும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள்.

"எங்க ஆடுகள் இப்ப வேற எதையும் ஏறெடுத்தும் பாக்கறதில்லை," என்று சந்திரமௌலி முழங்கிக்கொண்டிருந்தபோது, சினையாட்டுக்கென்று அடையாறில் வாங்கிய அகத்திக்கீரைக் கட்டோடு ஷெரில் உள்ளே வந்தாள்.

ஆடுகள் ஏறெடுத்துப் பார்த்தன. தீவனத் தொட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவளை மொய்த்துக்கொண்டன. சினையாடுகூடத் தள்ளாடி எழுந்து வந்து அவள் கையிலிருந்து பறித்தது.

"என்ன டாக்டர் இது?" என்றார் ஒரு பார்வையாளர்.

"சாப்பாடு ஆனதும் நாம வெத்தலை போடறதில்லையா, அது மாதிரி!"

பார்வையாளர்கள் பூரித்துப்போனார்கள். மையத்துக்கு விருது அறிவிக்கப்பட்டது.

ஷெரிலுக்கு வேலை போனது. நியாயம்தான், குற்றம் சாதாரணமானதா? வாயில்லா ஜீவன்களுக்கு மாற்றுக் கருத்தை ஊட்டியிருக்கிறாள்.