சகலம் சாரும் அழிக்கும் அனுமதியும்

எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். எந்தப் பூட்டையும் திறக்க வேண்டிய வேலை அவருக்கு இருக்காது. ஆனால் எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி அவரிடம் இருந்தாக வேண்டும். உள்ளே போக மாட்டார், போனாலும் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனாலும் 'உங்களுக்குச் சாவி இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுண்டிப்போகும், மத்தியானம் சாப்பிட வர மாட்டார், மூன்று நாளைக்கு உங்கள் வணக்கத்துக்குப் பதில் வராது. இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அனுமதிப் பிரியர். நீங்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் அலுவலகத்து அனுமதிப் பிரியருக்குச் சகலம் சார் என்று பெயர். பெயர் வந்த கதை இது. எங்கள் நிறுவனம் மூன்று டயாலிசிஸ் நிலையங்களை நடத்துகிறது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த இயந்திரம், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதுவும் எங்கள் கட்டடத்தில் இல்லை. கிளவுட் என்கிறார்களே, அங்கே, எங்கோ யாரோ வாடகைக்கு விட்டிருக்கும் கணினிகளில். அனுமதி உள்ளவர் எங்கிருந்தும் திறக்கலாம். எங்கிருந்தும் அழிக்கலாம்.

இதைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு பெண் வந்தார், தரவுத்தளப் பொறுப்பாளர். வந்த முதல் மாதமே எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினார். 'உங்கள் வேலைக்கு என்ன அனுமதி தேவை? அது மட்டும் தரப்படும்.' செவிலியர், பார்க்கவும் முடிந்ததைக் குறிக்கவும் வேண்டும் என்று எழுதினார். மருத்துவர், அளவைத் திருத்த வேண்டும் என்று எழுதினார். வரவேற்பில் இருப்பவர், புதிய பெயர் சேர்த்தால் போதும் என்றார். நம்மவர் ஒரே சொல்லில் எழுதினார்: 'சகலமும்.'

அவருடைய வேலை என்ன? மூத்த ஆலோசகர். மாதக் கடைசியில் எந்த நிலையத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, ஒரு வரைபடம் போட்டு, அதற்கு வண்ணம் பூசி, கூட்டத்தில் காட்டுவார். மீதி நாட்களில் மூத்தவராக இருப்பார். பொறுப்பாளர் நேரில் போய்ப் பேசினார்.

"சார், உங்களுக்கு மாசக் கடைசியில எண்ணிக்கை மட்டும்தானே வேணும்? பார்க்கிற அனுமதி மட்டும் போட்டுடறேன்."

"பார்க்க மட்டுமா? நான் என்ன இங்க வேடிக்கை பார்க்க வந்தவனா?"

"அழிக்கிறதெல்லாம் உங்க வேலையில வராதே சார்."

"வராதும்மா. ஆனா ஒரு அவசரம்னா?"

"என்ன மாதிரி அவசரம் சார்?"

"அதை முன்னாடியே சொல்ல முடிஞ்சா அது எப்படிம்மா அவசரம்?"

பொறுப்பாளர் திரும்பி வந்து, அவருக்கு அதுவரை இருந்த அழிக்கும் அனுமதியை எடுத்துவிட்டார். அன்றே சகலம் சார் கதவைத் தட்டாமல் இயக்குநர் அறைக்குள் போனார். "இருபத்திரண்டு வருஷம் உழைச்சிருக்கேன். இன்னைக்கு என் மேல நம்பிக்கை இல்லையாம்" என்றார். இயக்குநர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "அவர் மனசு நோக வேண்டாம்மா, கொடுத்துடுங்க. அவர் என்ன பண்ணிடப் போறார்?" என்றார். நம்பிக்கையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. நல்லவர் கையும் ஒரு நாள் தவறும் என்பதுதான் அந்தப் பெண்ணின் கவலை. ஒரு வருடத்தில் மூன்று முறை சாரின் அனுமதியை எடுத்தார். மூன்று முறை அனுமதி ராஜ மரியாதையோடு திரும்பி வந்தது. மூன்று முறையும் பொறுப்பாளர் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார், 'இது ஆபத்து' என்று.

வீட்டிலும் சார் இப்படித்தான். மனைவியின் பீரோ சாவிக்கு நகல் வைத்திருப்பார். மகள் கல்யாணமாகித் தனி வீடு போனபோது, சாமான் இறக்குவதற்கு முன்பே மாப்பிள்ளையிடம் கை நீட்டினார். "ஒரு சாவி நம்மகிட்ட இருக்கட்டும் மாப்ளே. ஒரு அவசரம்னா?" மாப்பிள்ளை கொடுத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கதவு தானாகத் திறக்கும், மாமனார் நிற்பார், "சாவி வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்பார், கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

சாவி வேலை செய்கிறதா! அனுமதிப் பிரியரின் உயிர்நாடியே இந்தச் சந்தேகம்தான். அனுமதி கையில் இருந்தால் மட்டும் போதாது, இருக்கிறது என்று தினமும் தெரிய வேண்டும். சகலம் சார் காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காருவார், கண்ணாடியைத் துடைப்பார், தரவுத்தளத்தைத் திறப்பார், 'சோதனை' என்று ஒரு வெற்று அட்டவணையை உண்டாக்குவார். உடனே அதை அழிப்பார். அழிந்துவிட்டதா? அழிந்துவிட்டது. அப்படியானால் இன்னும் மரியாதை இருக்கிறது. அப்புறம்தான் டீ. மாதக் கடைசி எண்ணிக்கையை விட்டால், பதினொரு மாதங்களாக அந்தத் தரவுத்தளத்தில் அவர் செய்த ஒரே வேலை இதுதான் என்று பின்னால் தெரியவந்தது.

மாப்பிள்ளை பூட்டை மாற்றிய மறுநாள் காலை, சார் ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரைக் கேட்டு மாத்தினீங்க? நான் அந்நியனா?" என்று அந்தப் பக்கம் கத்திக்கொண்டே இந்தப் பக்கம் வழக்கமான பூஜையை நடத்தினார். 'சோதனை'யை உண்டாக்கினார். பட்டியலில் அதற்கு அடுத்த வரியைத் தொட்டார். 'இதை நிரந்தரமாக அழிக்கவா?' என்று திரை கேட்டது. திரையின் கேள்விகள் எல்லாம் சின்ன அனுமதிக்காரர்களுக்கு. சார் 'ஆம்' என்று தட்டினார். டீ வந்தது. மூன்று நிலையங்களின் சிகிச்சை அட்டவணை போனது.

பத்து நிமிடத்தில் இரண்டாவது நிலையத்துச் செவிலியர் கூப்பிட்டார். "ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. பதினாறு பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க. யாருக்கு எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு தெரியாம நான் எப்படி மெஷின் போடறது?" உத்தேசமாகப் போட முடியாது, கூடப் போனாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பொறுப்பாளர் முந்தைய நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க நான்கு மணி நேரம் பிடித்தது. அந்த நான்கு மணி நேரத்தில் கால் வீங்கிப்போயிருந்த ஒரு பஸ் ஓட்டுநருக்கு மூச்சு முட்டி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டார். அவர் மனைவி வாசலில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செவிலியரைத் திட்டினார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

மூன்று மணிக்கு விசாரணை. யார் தலையாவது உருள வேண்டும், அது பொறுப்பாளரின் தலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொறுப்பாளர் என்ற பெயரே அதற்குத்தானே? அட்டவணையை அழித்தது சகலம் சாரின் கணக்கு என்று அவர் சொன்னதும் எல்லோரும் சார் பக்கம் திரும்பினார்கள். சார் ஆடிப்போவார் என்று நினைத்தீர்களா? அனுமதிப் பிரியரை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர் மேஜையைத் தட்டினார்.

"அழிக்கிற அனுமதி எனக்கு எதுக்கு? நான் வெறும் எண்ணிக்கை பார்க்கிறவன். அதை யார் எனக்குக் கொடுத்தது? முதல்ல அதுக்குப் பதில் வரட்டும்!"

பொறுப்பாளர் மூன்று கடிதங்களை மேஜைமேல் வைத்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். சகலம் சார் கடிதங்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. யார் அழிச்சாங்கன்னு ஒரு பதிவு இருக்குமே, அதை எடுத்துட்டா விஷயம் முடிஞ்சுதுல்ல? உனக்குத்தான் எல்லா அனுமதியும் இருக்கே."

"இல்ல சார். அந்தப் பதிவை எழுத மட்டும்தான் முடியும், அழிக்க முடியாது. எனக்கும் அனுமதி இல்ல. நான்தான் வேண்டாம்னு அப்படி வச்சேன்."

அப்போது சார் முகத்தில் வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோபம் இல்லை, பயம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பரிதாபம். "உனக்கே இல்லையாம்மா?" என்றார். வீடு வாசல் இல்லாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பொறுப்பாளரின் வேலை தப்பியது. சகலம் சாருக்குப் பார்க்கிற அனுமதி மட்டும் என்று முடிவானது. அடுத்த வாரம், தேவைக்கு மேல் யாருக்கும் அனுமதி தரக் கூடாது என்பதைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்தார்கள். மூத்தவர் என்பதால் தலைவர் யாரென்று கேட்கவே வேண்டாம். முதல் கூட்டத்தில் அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம்: குழுத் தலைவருக்கு மட்டும் முழு அனுமதி, கண்காணிக்க வசதியாக. அவர் சொன்ன அந்த அவசரம் உண்மையிலேயே ஒரு நாள் வந்தது, அது அவரேதான் என்று அவரிடம் யார் சொல்வது?

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், பொறுப்பாளர் என் அனுமதியையும் குறைக்கும்வரை. நோயாளிகளுக்குக் கையேடு எழுதுகிறவன் நான், அந்தப் படிவத்தை நிரப்பித் தரவே இல்லை. சிகிச்சை அட்டவணையை அழிக்கும் அனுமதி இத்தனை நாள் என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. போனது என்று தெரிந்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. எதற்குச் சுருக்கென்றது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு அந்த வியாதி இல்லை, சரி. இப்போது உங்கள் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வையுங்கள். வீடு, வண்டி, பீரோ. அந்தக் கடைசிச் சாவி எதனுடையது? தெரியாது இல்லையா? போன வீட்டினுடையதா, அதற்கு முந்தைய அலுவலகத்தினுடையதா, இப்போது அங்கே யார் தூங்குகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எத்தனை வருடமாகச் சுமக்கிறீர்கள்? கழற்றிக் குப்பையில் போடுங்கள் பார்க்கலாம்.

என்ன, கை வரவில்லையா? எனக்குத் தெரியும். ஒரு அவசரம்னா?