அலெக்சாந்தருக்கு நான் கொடுத்த மாடு

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படக் கூடாது.

ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கத்துப் பிளாசாக்களில் தொங்குகிற தமிழ்க் கடைப் பலகைகளில் பாதி என் கையால் வந்தவை. ‘ழ’வை மின்குழாயில் வளைக்க முடியாது, உடைந்துபோகும் என்று வெள்ளைக்காரக் கொம்பனிகள் கைவிரித்த காலத்தில், வளைத்துக் காட்டியவன் நான். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். மிஞ்சிய நேரத்தில், எவனோ எறிந்த எழுத்து வெட்டும் மெசினைப் பனிக்குள் இழுத்து வந்து, பிரித்துப் பூட்டிப் பழகினேன். கோயில் வாசல் வளைவு என்னுடையது. நாற்பது கல்யாண மேடைகள் என்னுடையவை. ஒரே தேர்தலில் நான்கு வேட்பாளர்களுக்குப் பலகை அடித்தேன் (நால்வரும் தோற்றார்கள், அது எழுத்தின் குற்றமில்லை).

இவ்வளவையும் தனியாளாகக் கட்டியெழுப்பிய நான் ஒரேயொரு முறை, சனம் முழுக்கப் பார்க்க மூக்குடைபட்டேன். அதற்குக் காரணம் மகா அலெக்சாந்தர்.

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த வசந்தம் அது. என் மனைவி மலரின் தம்பி ரூபன் குடும்பத்தோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். ஏழு கிழமையாக அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. மலர் சமைக்கும்போதும் தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பாள். எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு டவுன்ரவுன் ஆர்ப்பாட்டத்தில் போய் நிற்பதும், வந்து கடையைத் திறப்பதுமாக நாட்கள் போயின.

அப்போதுதான் மிஸ் கிரஹாம் வந்தார். என் மகள் துஷிக்குச் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற மனுசி. மல்வேர்னில் எங்கள் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம். பழைய காலத்து ஒன்பது மாவீரர்களின் கேடயங்கள் வேண்டுமாம். ஒரு தடித்த புத்தகத்தை என் மேசையில் விரித்து அவர் சொன்ன கதையை நான் வாய் பிளந்து கேட்டேன்.

ஐரோப்பாவில் கேடயத்தில் குடும்பச் சின்னம் வரைகிற வழக்கம் ஒரு காலத்தில் வந்திருக்கிறது. குட்டிப் பிரபு எல்லாம் கழுகும் பன்றியும் கீறிக்கொண்டு திரிய, சித்திரக்காரர்களுக்கு ஒரு கவலை: அலெக்சாந்தரும் சீசரும் தாவீது அரசனும் வெறுங் கேடயத்தோடு நிற்பதா? அந்த ஆட்கள் செத்து ஆயிரத்துச் சொச்சம் வருசம். அவர்கள் காலத்தில் இப்படியொரு வழக்கமே இல்லை. அதனால் என்ன, தாங்களே யோசித்துக் கொடுத்துவிட்டார்கள். சீசருக்கு இரட்டைத் தலைக் கழுகு. தாவீதுக்கு யாழ் (யாழ்ப்பாணத்தானுக்கு யாழ் கீறக் காட்டித்தர வேண்டுமா?).

எனக்கு மயிர் கூச்செறிந்தது. வாடிக்கையாளர் உயிரோடு இல்லை, கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரமாட்டார். இருந்தும் குறை வைக்காமல் செய்து கொடுத்திருக்கிறார்களே, அவர்களல்லவோ தொழிற்காரர். அவர்களில் முக்கால்வாசிப் பேரும் என்னைப்போல எட்டாம் வகுப்பாகத்தான் இருந்திருப்பார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

எட்டுக் கேடயம் முடிந்தது. ஒன்பதாவது அலெக்சாந்தருடையது. புத்தகத்தில் இருந்தபடி, சிவப்புத் தளத்தில் பொன் நிறச் சிங்கம். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கையில் கோடரி. பிடரி மயிர் ஒவ்வொன்றாக இழுத்தேன். நகத்துக்கு நிழல் கொடுத்தேன். கண் வேலையில் இறங்கிவிட்டால் என் மூளை லீவு எடுத்துவிடும். அவ்வளவு திறமாக வந்த பொருளை உள்ளே காயவிட மனம் வருமா? கடைக் கண்ணாடியில், வீதியைப் பார்க்க நிறுத்திவைத்தேன்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை. பக்கத்து மரக்கறிக் கடைச் சிவலிங்கம் அண்ணை வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். உள்ளே வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

“என்ன குணம், கொழும்புக்குக் கொடி அடிக்கிறியோ?”

அப்போதுதான் பார்த்தேன். பொன் நிறச் சிங்கம், சிவப்புத் தளம், கையில் ஆயுதம். பள்ளிக்கூடத்தில் எட்டு வருசம் அந்த அரசாங்கக் கொடிக்குக் கீழே நின்றவன் நான். எட்டு நாள் அதையே கீறிக்கொண்டு இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

“அண்ணை, உது அலெக்சாந்தற்ற.”

“ஆர் உவன் அலெக்சாந்தர்? எந்த ஊர்?”

மகா அலெக்சாந்தரை ஒரு மரக்கறிக் கடைக்காரருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு, அலெக்சாந்தரே உலகத்தைப் பிடிக்கப் பட்டிருக்க மாட்டார். அண்ணை கேட்டுக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னேரத்துக்குள் கிழக்கு எல்லை ரூஜ் வரைக்கும் கதை போய்விட்டது. கோயில் தலைவர், திருவிழாப் பலகையை இந்த முறை வேறிடத்தில் பார்க்கலாம் என்றார். காலையில் இடியப்பம் கொடுத்துவிடுகிற அன்ரி நிறுத்திக்கொண்டார். இருபது வருசமாக எழுத்து எழுத்தாகச் சேர்த்த பெயர் அரை நாளில் உதிர்ந்துகொண்டிருந்தது.

மலர் கடைக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து அலெக்சாந்தர் கதையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சிங்கத்தைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த தொலைபேசியைத் தொட்டுக்கொண்டாள்.

“உங்கட வேலை உங்களுக்கு. உதை மட்டும் என்ர கண்ணில படாமல் வையுங்கோ.”

அவ்வளவுதான். போய்விட்டாள்.

மிஸ் கிரஹாமைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மூளையுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் தூரிகையை எடுத்தேன். இல்லாதவர்களுக்குச் சின்னம் கொடுத்தவர்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லையே! யாழ்ப்பாணத்து அரசர்களின் கொடியில் இருந்தது நந்தி. அலெக்சாந்தருக்கு அதில் என்ன குறைச்சல்?

குறை கதிரையில் இருந்தது. கதிரை மிக வடிவாக வந்திருந்தது, அழிக்க மனமில்லை. ஆகவே நந்தியைக் கதிரையில் இருத்தினேன். அடுத்தது கோடரி. குளம்பால் எப்படிப் பிடிப்பது? இரண்டு நாள் யோசித்து, குடையை இடுக்குவதுபோலக் கக்கத்தில் இடுக்கிவிட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், வாக்-இன் கிளினிக்கில் தன் பெயரைக் கூப்பிடக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர் தெரிந்தார்.

கண்காட்சி சனிக்கிழமை பின்னேரம். கேடயங்களைத் துணி போட்டு மூடி மாட்டினேன். முன்வரிசையில் வெள்ளைக்கார முதியவர்கள். பின்னால் எங்கள் ஆட்கள், சிங்கத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சிவலிங்கம் அண்ணை தலைமையில். மலரும் துஷியும் கதவோரம்.

மிஸ் கிரஹாம் ஒவ்வொன்றுக்கும் தாளைப் பார்த்து வாசித்துவிட்டுத் துணியை இழுத்தார். கழுகுக்குக் கைதட்டல். யாழுக்கு இன்னும் பெரிய கைதட்டல். கடைசியில், “அலெக்சாந்தர். சிவப்பில் பொன் சிங்கம், அமர்ந்தபடி, கையில் கோடரி” என்று கம்பீரமாக வாசித்து, இழுத்தார்.

மாடு.

முன்வரிசைக் கிழவர் ஒருவர், இது பசுவா என்று மெதுவாகக் கேட்டார். சிவலிங்கம் அண்ணை பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துஷி என் காதுக்குக் கிட்ட வந்து, “அப்பா, சீரியஸ்லி?” என்றாள்.

மிஸ் கிரஹாமின் முகம் அந்தக் கேடயத்தை விடச் சிவந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். வாடிக்கையாளரை ஐந்து நிமிசத்தில் மடக்குகிற என் ஆங்கிலம் அன்றைக்குக் காலைவாரிவிட்டது. சிங்கம் வேண்டாம், மிஸ். என் மனைவியின் தம்பி அங்கே. சிங்கமும் அங்கே. இவ்வளவுதான் வந்தது.

அவர் கதவோரம் நின்ற மலரைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார். தாளில் ஒரு வரியை வெட்டி, மேலே எழுதி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, முதலில் வாசித்த அதே கம்பீரத்தோடு வாசித்தார்: “அலெக்சாந்தர். சிவப்பில் பொன் எருது, அமர்ந்தபடி, கோடரி கக்கத்தில்.” அலெக்சாந்தருக்கு உண்மையில் ஒரு சின்னமும் இருந்ததில்லை, அவரை நேசித்தவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள், இன்றைக்கு ஸ்காபரோவும் கொடுத்திருக்கிறது என்றார். (கூட்டம் கலைந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, அடுத்த முறை முதலில் போன் பண்ணு என்று கிழித்துவிட்டார். அது நியாயம்.)

திங்கட்கிழமை இடியப்பம் வந்தது. கோயில் பலகையும் வந்தது. ரூபன் முகாமில் உயிரோடு இருக்கிற செய்தி வர இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. சில வருசம் கழித்து இங்கே வந்து இறங்கியவனை நேரே நூலகத்துக்குத்தான் கூட்டிப் போனேன். மாட்டைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் நூலகக்காரி எழும்பி வந்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் கதிரையில் அசையாமல் இருந்தால், “அத்தான், கோடரி எங்கை?” என்பான். பேரப்பிள்ளைகள் வரைக்கும் அது போய்விட்டது.

மற்ற எட்டுக் கேடயமும் எங்கோ கிட்டங்கியில் பூட்டிக் கிடக்கின்றன. மாடு மட்டும் இன்னும் நூலகச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே புதிதாக ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்: “அலெக்சாந்தரின் சின்னம். ஸ்காபரோ மரபு. வரைந்தவர் தெரியவில்லை.”

தெரியவில்லையாம். நான் கிழமைக்கு இரண்டு தரம் அங்கே பேப்பர் வாசிக்கப் போகிறவன். அந்தப் பழைய சித்திரக்காரர்களின் பெயரைத்தான் ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அந்த அநியாயம் இரண்டாம் முறை நடக்க நான் விடமாட்டேன். நூலகத்தாருக்கு இதைப் பகிரங்கமாகவே சொல்கிறேன்: அந்த அட்டையைக் கழற்றிவிட்டு என் பெயரைப் போடுங்கள். பலகையை நானே அடித்துத் தருகிறேன்.