ஆறாவது படத்துக்குப் படம்

"ஆறாவது படத்துக்குப் படம் எங்கேப்பா?"

பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அம்மாள் இப்படிக் கேட்பது நான்காவது முறை. மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு, 'வரப்போகும் காதல் படங்கள்: என்ன எதிர்பார்க்கலாம்?' என்ற கட்டுரை சினிமா இதழின் இணையப் பக்கத்தில் ஏறியாக வேண்டும். ஆறு படங்களுக்கும் குறிப்பு எழுதியாகிவிட்டது. புகைப்படம் மட்டும் ஐந்துதான் வந்திருந்தது.

"வந்துக்கிட்டே இருக்கு மேடம்."

"எது? படமா, படத்தோட படமா?"

"ரெண்டும்தான்" என்றான் இடைவேளை.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. இடைவேளை என்பது அலுவலகம் வைத்தது. எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளையில் எழுந்து வந்து விமர்சனம் எழுதிவிடுவான். 'இரண்டாம் பாதியில் இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பு கூட்டியிருக்கலாம்' என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பான். பதினைந்து வருடங்களில் அந்த வரி ஒருமுறைகூடத் தப்பானதில்லை.

பெண் பார்ப்பதிலும் அதே கதைதான். பதினோரு வரன்களைப் பாதியிலேயே கைவிட்டிருந்தான். வயது முப்பத்து நான்கு. வாராவாரம் ஊருக்கெல்லாம் காதலைப் பற்றி எழுதுகிறவனுக்காக, இதுவரை எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் யாரும் காத்திருந்ததில்லை. அது அவனை உள்ளூர அரித்துக்கொண்டுதான் இருந்தது.

காலையில் அக்கா தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள். "பொண்ணோட மாமாகிட்ட உன் நம்பரைக் கொடுத்திருக்கேன். இன்னைக்குப் படம் அனுப்புவாரு. இது பன்னிரண்டாவது. இதுக்கும் மூஞ்சியைச் சுளிச்சேன்னா, இனிமே நீயாச்சு, உன் சினிமாவாச்சு!"

ஒன்று முப்பத்தைந்துக்கு அவன் கைபேசி அடுத்தடுத்து இரண்டு முறை சிணுங்கியது. இரண்டும் தெரியாத எண்கள். இரண்டிலும் ஒரே செய்தி: 'படம் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லுங்க.'

முதல் படத்தைத் திறந்தான். மழையில் நனைந்த படிக்கட்டு. பாதி விரித்த குடையோடு ஒரு பெண் கண்கள் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடைவேளை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

இரண்டாவதைத் திறந்தான். திரைச்சீலைக்கு முன்னால், பூந்தொட்டிக்குப் பக்கத்தில், கைகளைக் கோத்தபடி விறைப்பாக ஒரு பெண். எதிரில் நிற்பவர் மேல் வழக்கு தொடுக்கப்போகிறவள் மாதிரி பார்த்தாள்.

எது சினிமா, எது சம்பந்தம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூந்தொட்டி இருந்தால் அது கல்யாணத்துக்கு எடுத்த படம். மழையும் குடையும் சிரிப்பும் நிஜ வாழ்க்கையில் எங்கே கிடைக்கிறது? அவன் மனசு தொட்டியோடு சேர்ந்து தரையில் இறங்கியது.

"மேடம், வந்துருச்சு!" என்று குடைப் பெண்ணை அனுப்பிவைத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த வேகத்தில், ஏற்கெனவே எழுதியிருந்த குறிப்பு சப்பென்று தெரிந்தது. படத்தின் கதைச் சுருக்கம் இரண்டு தாள்கள். வழக்கம்போல முதல் தாளோடு நிறுத்தியிருந்தான். வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டுகிறாள் நாயகி என்பது வரை தெரியும். மிச்சத்தைக் குடையைப் பார்த்தே எழுதினான்:

'இந்தச் சிரிப்பு ஒன்று போதும், ஊரே காதலில் விழும். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையை மணமேடையில் உட்கார வைத்துவிட்டு, மனசுக்குப் பிடித்தவனோடு இதே குடையின் கீழ் ஓடிப்போகும் பெண்ணாக இவரை எதிர்பார்க்கலாம். நடித்த மாதிரியே தெரியவில்லை!'

இரண்டு மணிக்குப் பக்கம் ஏறியது. இரண்டே காலுக்குக் குடைப் படம் வந்த எண்ணிலிருந்து அழைப்பு.

"வணக்கம் தம்பி. படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க! அசந்துட்டேன்! இந்தத் தொழிலுக்கு வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு, இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை!"

"அப்ப பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

"பிடிச்சிருக்காவா! என் பக்கத்துலயே போட்டுட்டேன்!"

மறுமுனையில் ஒரு நிறைவான சிரிப்பு. "ஜோடிப் பொருத்தம் பார்த்தீங்களாக்கும்?"

"ஜோடி அட்டகாசம்!"

"எப்பவும் உர்ருன்னு இருக்கிற பொண்ணு தம்பி. இந்த ஒரு படத்துலதான் சிரிச்சிருக்கா."

"யாருங்க எடுத்தது? கையெடுத்துக் கும்பிடணும்!"

"பக்கத்து வீட்டுப் பையன்தான். கேமராவும் கையுமா சுத்திக்கிட்டிருப்பான்."

"அவரை விட்டுடாதீங்க! இனிமே எப்பவும் அவரே கூட இருக்கட்டும்."

"அதுக்கென்ன, கல்யாணத்துக்கும் அவனையே வச்சுக்கலாம்."

கல்யாணக் காட்சி இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று இடைவேளை நினைத்துக்கொண்டான். "தாராளமா வச்சுக்குங்க!" என்று வாழ்த்திவிட்டு வைத்தான்.

ஐந்து நிமிடத்தில் பூந்தொட்டிப் படம் வந்த எண் அழைத்தது. இது பெண்ணின் மாமா. அலுவலகத்துக்கே கேட்கும்படி பேசுகிற பேச்சா இது? மாடிப்படிக்கு ஓடினான்.

"சார், படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஒத்துவரும்னு தோணலை."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க சார். ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பிடிச்சிடும்."

"முகத்துல ஒரு சிரிப்புகூட இல்லியே."

"கடைசியில சிரிப்பு வரும் சார். ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கிட்டா போதும்."

என்ன மாதிரிப் பெண் இது என்று இடைவேளைக்குக் கவலை பிடித்தது. "இதுக்கு முன்னாடி வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"முப்பது பேரை வரிசையா உட்கார வச்சுக் காட்டினோம். பாதியில எழுந்து போயிட்டாங்க."

"முப்பது பேரையா! ஒரே நேரத்துலயா!"

"என் வயித்தெரிச்சலை யார்கிட்ட சொல்றது? ரெண்டு வருஷமா பெட்டிக்குள்ளயே கிடக்குது சார். இந்த மாசமாவது வெளியில விட்டாகணும்."

"பெட்டிக்குள்ளயா!" இடைவேளை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "பொண்ணு உயிரோட இருக்கா?"

"எந்தப் பொண்ணு சார்? நான் படத்தோட பி.ஆர்.ஓ. பேசறேன். உங்க பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன். குடையோட ஒரு பொண்ணு நிக்குதே, அது யாரு? எங்க படத்துல குடையே கிடையாது. எங்க நாயகி ஓடியும் போகமாட்டா. கடைசியில சிரிச்சுக்கிட்டே மாப்பிள்ளையைக் கட்டிக்கிறா. ரெண்டாவது தாளைப் படிக்கலியா சார்?"

இடைவேளை கைபேசியை அணைத்தான். பூந்தொட்டி சினிமா. அப்படியென்றால் குடை? குடைதான் பன்னிரண்டாவது! அந்தச் சிரிப்பு அவனுக்காக வந்த சிரிப்பு! மாடிப்படியில் இரண்டு படி எம்பிக் குதித்தான். மூன்றாவது படியில்தான், அவளைப் பற்றித் தன் கையாலேயே என்ன எழுதினோம் என்பது ஞாபகம் வந்தது.

"மேடம்! அந்தப் படத்தைத் தூக்குங்க!"

லேஅவுட் அம்மாள் தூக்கினாள். அதற்குள் குடைப் பெண்ணை ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். படம் காணாமல் போனதும், 'குடைப் பெண் எங்கே?' என்று மூவாயிரம் பேர் கேட்டார்கள். ஆசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். "பிரமாதம் இடைவேளை! எதுக்கு எடுத்தே? மறுபடி போடு!"

"சார், அது நடிகையே இல்ல!"

"அப்ப யாரு?" என்று லேஅவுட் அம்மாள் கேட்டாள்.

"நான் கட்டிக்கப்போற பொண்ணு மேடம்! உடனே ஒரு திருத்தம் போடுங்க!"

இப்படி வாயை விட்டதுதான் வினையாகப் போயிற்று. வேலையில் படு சுத்தமான லேஅவுட் அம்மாள், சொன்னதைச் சொன்னபடியே போட்டாள். குடைப் படம் பழைய இடத்துக்கே வந்தது. அடியில் தடித்த எழுத்தில்: 'திருத்தம்: படத்தில் இருப்பவர் நடிகை அல்ல. நமது இடைவேளை கட்டிக்கொள்ளப்போகும் பெண்.' மேலே இருந்த ஓடிப்போகும் குறிப்பு ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே இருந்தது.

'வாழ்த்துகள் இடைவேளை! கல்யாணத்தன்று குடையை ஒளித்து வைக்கவும்' என்று முதல் வாசகர் எழுதினார்.

அக்கா அழைத்தாள். "எல்லாத்தையும் கெடுத்துட்டே! பொண்ணையும் கூட்டிக்கிட்டு அவங்க மாமா உன் ஆபீசுக்குக் கிளம்பிட்டாராம்!"

பன்னிரண்டாவதும் போயிற்று என்று இடைவேளை தலையில் கை வைத்துக்கொண்டான். முந்தைய பதினொன்றுக்கும் சேர்த்து இப்போதுதான் வலித்தது. எத்தனை திட்டு விழுந்தாலும் சரி, இந்த ஒரு தடவை பாதியில் எழுந்து போவதில்லை என்று முடிவு செய்து, முகம் கழுவி, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஐந்து மணிக்கு மாமா உள்ளே வந்தார். இடைவேளை எழுந்து நிற்பதற்குள் அவனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை! 'பக்கத்துல போட்டுட்டேன்'னு சொன்னப்ப நான் வேற என்னமோ நினைச்சேன். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்களே! இந்தத் தைரியம் யாருக்கு வரும்?"

"அந்தக் குறிப்புங்க... ஓடிப்போற..."

"அது உங்க தொழில் பாஷை! எனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க, நான் உங்க ஆசிரியருக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு வந்துடறேன்."

மாமா அறைக்குள் போனார். லேஅவுட் அம்மாள் நாசூக்காகத் தண்ணீர் குடிக்கப் போனாள். இதோ, எதிரே, குடைப் பெண். குடை இல்லை, சிரிப்பும் இல்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தான். இவளோடு முழுப் படமும் பார்க்கலாம், முடிந்து பெயர்கள் ஓடுகிறவரை உட்கார்ந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அவள் மாமா போன திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"உங்க குறிப்புல இருக்கிறது இந்தப் படத்தை எடுத்தவருக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயங்க... ரெண்டாம் பாதியை உங்ககிட்ட யாரு சொன்னது?"