தூங்காதார் வம்சம்

என் மகளின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுபோனது. நிறுத்தியவன் நான்தான். மைக் வைத்து நிறுத்தினேன்.

ஆரம்பம் பல்வலி.

பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். கண் அசந்துவிட்டது. நர்ஸ் கதவைத் திறந்து, "தூங்காதார்!" என்று கூப்பிட்டாள். அது என் குடும்பப் பெயர். எழுந்தேன். என்னோடு இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள்.

"தூங்காதார் நான்," என்றேன்.

"நானும்தான்," என்றார் ஒருவர்.

"சார், நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க," என்றாள் நர்ஸ். "அவங்க முழிச்சிருந்தாங்க. அவங்க முதல்ல வரட்டும்."

உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் விடவில்லை.

"அதென்ன சார் அப்படி ஒரு பேரு? என்ன அர்த்தம்?"

தெரியவில்லை. தபால் ஆபீசில் ஆயுள் பூராவும் முத்திரை குத்தியவன் நான். ஊரார் பெயரெல்லாம் என் கைக்கடியில் போயிருக்கிறது. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வெட்கத்தில் பல்வலி மறந்துவிட்டது.

அங்கேயே முடிவு செய்தேன். பெயரின் மூலத்தைக் கண்டுபிடிப்பேன். ஊரிலுள்ள தூங்காதார்களை எல்லாம் ஒரு குடைக்கீழ் சேர்ப்பேன். சங்கம் வைப்பேன். சங்கம் என்றால் தலைவர் வேண்டும். அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

என் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறைதான் அவளுக்குக் கடை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். ஒன்றுகூட விழாது. மகளின் கல்யாணத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"சங்கம் வைக்கப் போறேன்."

"எதுக்கு?"

"வம்சத்துக்கு."

"கொல்லைக் குழாய் ஒழுகுது. முதல்ல அதுக்கு ஒரு சங்கம் வையுங்க."

"தூங்காதார்னா என்ன அர்த்தம், தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல."

இவளிடம் பேசிப் பயனில்லை. சொந்தக்காரர்களைக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் அண்ணன், "பேருதானேடா. கூப்பிட்டா திரும்பிப் பாரு. அதுக்குத்தான் பேரு," என்று போனை வைத்துவிட்டார்.

கேட்டுக் கிடைக்காவிட்டால் என்ன? உட்கார்ந்து யோசித்தால் வராதா? வந்தது.

ஒரு கோட்டை. அதற்கு ஒரு வாசல். வெளியே எதிரிப் படை. உள்ளே எல்லாருக்கும் காய்ச்சல். எங்கள் முன்னோர் ஒருவர் மட்டும் ஈட்டியோடு வாசலில் நிற்கிறார். ஏழு ராத்திரி இமை கொட்டவில்லை. எட்டாம் நாள் எதிரிக்கே சலித்துவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். ராஜா இறங்கி வந்து, "இன்றுமுதல் நீ தூங்காதான்!" என்கிறார்.

மனைவிக்குச் சொல்லிக் காட்டினேன்.

"ஏழு ராத்திரியா? மூணு போதாதா? மனுஷன் செத்துப்போயிடுவானே."

"ஏழு. வம்சம் என்னோடது."

"அப்போ, ஊர்ல இருக்கிற அத்தனை தூங்காதாருக்கும் இவரேதான் தாத்தாவா?"

"வேற யாரு? ஒரே ஆள். ஒரே ரத்தம்."

வாயிலிருந்த குண்டூசிகளை எல்லாம் எடுத்துவிட்டாள். அது அபாயச் சங்கு. என் காதில் விழவில்லை.

"இருங்க. ஒண்ணு யோசிச்சீங்களா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும்..."

"அவங்களையும் கூப்பிட்டாச்சு. அடுத்தது?"

தபால் ஆபீஸ் பழக்கம். யார் பேச்சையும் பாதிக்குமேல் கேட்டதில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நல்ல பையன். நான் பேசும்போது குறுக்கே பேசமாட்டான். அவர்கள் குடும்பப் பெயரும் தூங்காதார்தான். உறவு ஒன்றும் கிடையாது. இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு தூங்காதார் மேல்தான் விழ வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் மகளுக்குப் பெயர் மாற்றும் வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன். "தூங்காதார்களே வருக. டீ உண்டு." முதல் வரிக்கு வந்தவர்கள் பாதி, இரண்டாம் வரிக்கு வந்தவர்கள் பாதி. வாடகைக்குப் பிடித்த மாடி ஹால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நிரம்பிவிட்டது. படிக்கட்டில்கூட தூங்காதார்கள். சம்பந்தி பேக்கரிக்காரர். அடுப்புக்கு முன்னால் நின்றே வளர்ந்த தோள். கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவார். கூடை நிறைய பன் கொண்டுவந்திருந்தார். என் மகள் டீ கொடுத்தாள். மாப்பிள்ளை மைக்கைச் சரிசெய்து என் கையில் கொடுத்தான். அதுதான் அவன் செய்த ஒரே தப்பு.

சொன்னேன். கோட்டையைச் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன். ஏழு ராத்திரியையும் தனித்தனியாகச் சொன்னேன். "நாமெல்லாம் அவர் ரத்தம்! அவர் ஒருத்தர் பெத்த வம்சம்!" என்று முடித்தேன். ஹால் எழுந்து நின்று கைதட்டியது.

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினார்.

"அண்ணா!" என்றார்.

நானும், "தம்பி!" என்றேன்.

கூட்டத்தில் பேக்கரிக்காரரின் அக்கா எழுந்தாள். மாப்பிள்ளைக்கு அத்தை. கையில் பன்.

"நீங்க அண்ணன் தம்பின்னா, பிள்ளைங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சியில்ல ஆகுது?"

கைதட்டல் நின்றது. பேக்கரிக்காரர் என்னைக் கீழே விட்டார். மெதுவாக விடவில்லை.

"அப்போ கல்யாணம்?" என்றார்.

"கூடாது," என்றாள் அக்கா.

"கூடாது, கூடாது," என்றது ஹால். என் டீயைக் குடித்த வாய்.

"பேரு ஒண்ணா இருந்தா என்ன?" என்றேன். "அதெல்லாம் ஒரே ரத்தமாயிடுமா?"

"நீங்கதானே சொன்னீங்க. மைக்ல சொன்னீங்க," என்றாள் அக்கா.

வேறு வழி பார்த்தேன். பேக்கரிக்காரரின் காதோடு சொன்னேன்.

"சம்பந்தி, உங்களுக்குப் பேக்கரி. பரம்பரைத் தொழில். ராத்திரி பூரா அடுப்புப் பக்கத்துல முழிச்சிருக்கணும். உங்களுக்குப் பேரு அதனால வந்திருக்கும். நீங்க வேற, நாங்க வேற."

அவர் முகம் அடுப்பாகிவிட்டது.

"ஈட்டி பிடிச்சவர் உங்களுக்கு, மாவு பிசைஞ்சவர் எங்களுக்கா? முடியாது. என் தாத்தா கோட்டை வாசல்ல நின்னவர்தான். கல்யாணம் நின்னாலும் சரி, அவரை விட்டுத்தர மாட்டேன்."

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கு அந்தத் தாத்தா கிடையாது. நான் கொடுத்தது.

மகள் டீத்தட்டோடு அப்படியே நின்றாள். தட்டிலிருந்த டம்ளர்கள் கிணுகிணு என்று ஆடின. மாப்பிள்ளை மைக் ஒயரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

மனைவி வந்தாள். கழுத்தில் அளவு நாடா. என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"கோட்டைக் கதை நிஜம்தான்," என்றாள். "ஆனா அவர் எங்க வீட்டுத் தாத்தா இல்ல. சம்பந்தி வீட்டுத் தாத்தா. அந்தத் தோளைப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் நிமிர்ந்தார்.

"இப்போ இவரைப் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"இவங்க தாத்தாவும் ராத்திரி தூங்கல. வாசல்லதான் இருந்தாரு. கோட்டை வாசல் இல்ல. சொந்த வீட்டு வாசல். பொண்டாட்டி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க."

"ஏன் போட்டாங்க?" என்றாள் அக்கா. பன்னை மறந்துவிட்டாள்.

"யார் எது சொன்னாலும் முழுசா கேக்க மாட்டாராம். பாதியிலேயே 'அடுத்தது'ம்பாராம்."

ஹால் அதிர்ந்தது. படிக்கட்டில் இருந்தவர்களுக்குத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

"எத்தனை ராத்திரி?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஏழு," என்றாள் என் மனைவி. என் பக்கம் திரும்பினாள். "இல்லையாங்க?"

மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள். ஈட்டிபோல இருந்தது. மகளைப் பார்த்தேன். தட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றேன்.

"உரக்கச் சொல்லுங்க. பின்னாடி கேக்கல."

"ஆமா! வெளியிலதான் உக்காந்திருந்தாரு!"

தட்டு நின்றது.

"அப்படின்னா வேற வேற வம்சம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பன்னைக் கடித்தாள் அக்கா. பேக்கரிக்காரர், "சம்பந்தி!" என்று மறுபடியும் என்னைத் தூக்கினார். இந்த முறை தூக்கிப் பிடித்துக்கொண்டே எல்லாருக்கும் காட்டினார்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

"அம்மா, எங்க தாத்தாவுக்கு எப்படிம்மா பேரு வந்தது?" என்று ஒரு டாக்ஸி டிரைவர் எழுந்தார். அவர் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் வரிசை. மனைவி ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். துணிக்கு அளவு எடுக்கும் பார்வை. "உங்க தாத்தா பிரசவத்துக்கு வண்டி ஓட்டினவர்," என்றாள். "உங்க பாட்டி காய்ச்சல்காரங்களுக்குத் துணை இருந்தவங்க." "உங்க தாத்தாவுக்குச் சீட்டாட்டம்." ஆளுக்கு ஒன்று. அவரவர் உடம்புக்குச் சரியாக இருந்தது. யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன்.

"தாழ்ப்பாள் போட்ட கதையை உனக்கு யார் சொன்னது?"

"உங்களுக்குக் கோட்டைக் கதையை யார் சொன்னாங்களோ, அவங்கதான்."

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. மகள் பெயர் மாறவில்லை. பேக்கரிக்காரர் வந்தவர்களுக்கெல்லாம் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். அவர் கணக்கில் இப்போது ஒன்பது ராத்திரி. முன்வரிசையில் எல்லாரும் எழுந்து இடம்விட்டு உட்காரவைத்தது என்னை இல்லை, அந்தக் கல்யாணத்தைக் கரையேற்றியவரை. தூங்காதார் சங்கம் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த முதல் தலைவர், என் மனைவி.