நாலு சுவரும் ஒரு படமும்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில், என் மனைவியை ஏமாற்றுவது என்று தீர்மானித்தேன். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளை ஒருமுறைகூட நான் ஏமாற்றியதில்லை. நல்லவன் என்பதால் அல்ல. முடிந்ததில்லை.

என் பெயர் இம்மானுவேல். தேனி பஜாரில் பம்புசெட் மோட்டார் கடை. உடம்பு கடையில் இருக்கும். உயிர் மிர்ரர்லெஸ் கேமராவில் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நாற்பத்தோரு பேர். காலையில் கண் விழித்ததும் ஆளுக்கொரு குருவிப் படம் போடுவோம். "ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு?" என்று ஒருவரையொருவர் விசாரிப்போம். பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

குழுவில் பெரிய கை, கம்பத்துத் திராட்சை வியாபாரி அமானுல்லா. அவர் எடுத்த மீன்கொத்தியைப் பார்த்தால், கொத்துப்பட்ட மீனே பெருமைப்படும்.

என் மனைவி ஷீபாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் கிடையாது. கேமரா வந்த அன்றே கேட்டாள்:

"மிர்ரர்லெஸ்ஸுன்னா என்னங்க?"

"உள்ள கண்ணாடி இருக்காது."

"இல்லாத கண்ணாடிக்கா இம்புட்டு விலை?"

"அது டெக்னாலஜி ஷீபா."

"நம்ம பாத்ரூம்லயும் ஆறு மாசமாக் கண்ணாடி இல்ல. அதுவும் டெக்னாலஜியா?"

இப்படிப்பட்டவளை ஏமாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. சனி, ஞாயிறு இரண்டு நாள் குழு மேகமலைக்குப் போகிறது. சின்னமனூரிலிருந்து ஜீப். டீ எஸ்டேட்டில் தங்கல். இருவாச்சிப் பறவை. நேராகக் கேட்டால் அனுமதி கிடைக்காது. ஆகவே திட்டம் போட்டேன். ஷீபாவை அழகாக ஒரு போர்ட்ரெய்ட் எடுப்பது. படத்தைப் பார்த்து அவள் உருகும் நேரத்தில், மேகமலையை நைசாக உள்ளே நுழைப்பது.

திங்கட்கிழமை மாலை ஆரம்பித்தேன்.

"ஷீபா, அந்தச் சேர்ல உக்காரு. உன்னைய ஒரு படம் எடுக்கணும்."

"எதுக்கு? ஆதார் கார்டுக்கா?"

"அழகுக்கு."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. உட்கார்ந்தாள். எடுத்துக் காட்டினேன்.

"ஆத்தி! மொகம் என்னங்க பச்சையா இருக்கு? பாம்பு கடிச்சாப்ல!"

உண்மைதான். எங்கள் ஹால் கிளிப்பச்சை. அதுவும் இறகு உதிர்ந்த கிளி. ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறாள். மழை, வெயில், எலெக்‌ஷன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

படத்தைக் குழுவில் போட்டு யோசனை கேட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அமானுல்லாவிடமிருந்து பதில் வந்தது. "பச்சைச் சுவர் பச்சை வெளிச்சத்தைத்தான் முகத்தில் அடிக்கும். லென்ஸ் மேல் குற்றமில்லை. சுவர் க்ரீம் கலரில் இருக்கணும்."

மனைவி சொல்வது வேறு. மீன்கொத்தி எடுத்தவர் சொல்வது வேறு. மறுநாள் கடையைப் பூட்டினேன். பெயிண்டரைக் கூப்பிட்டால் சனிக்கிழமைக்குள் நடக்காது. நானே இறங்கிவிட்டேன். அவள் உட்காரும் நாற்காலிக்குப் பின்னாலுள்ள சுவரை மட்டும் சுரண்டி முடித்த நேரத்தில் அடுத்த டிப்ஸ் வந்தது.

"எதிர்ச்சுவர்தான் முக்கியம். வெளிச்சம் அதில் பட்டுத்தான் திரும்பும். பக்கச் சுவர் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கன்னத்தில் பச்சை அடிக்கும்."

நாலு சுவரையும் சுரண்டி, ராத்திரியோடு ராத்திரியாக க்ரீம் கலர் அடித்து முடித்தேன். புதன்கிழமை, ஜன்னல் வெளிச்சத்துக்கு ஈடில்லை என்றார். ஜன்னலை மறைத்துக் கிடந்த மோட்டார் பெட்டிகளைக் கடைக்குச் சுமந்தேன். கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வியாழக்கிழமை, ஃபேன் இறக்கையில் தூசி இருந்தால் படம் தெளிவாக வராது என்று எழுதினார். ஓடாத ஃபேனுக்கும் ஓடும் ஷட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நொடி தோன்றியது. பெரிய ஆள் சொன்னால் காரணம் இருக்கும். ஏணியில் ஏறினேன்.

கீழே ஷீபா காபியுடன் நின்றாள்.

"எதுக்குங்க இப்புடி மேலு வலிக்கப் பாடுபடுறீக? எனக்காகவா?"

"உனக்கே உனக்குத்தான்."

சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. அரக்கு நிறப் புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் க்ரீம் சுவரில் பட்டு அவள் முகத்தில் மெல்ல இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போன அன்று பார்த்த அதே முகம். எடுத்த பிறகும் கேமராவைக் கீழே இறக்க மறந்து நின்றேன். குழுவில் முப்பத்தெட்டு இதயம் விழுந்தது.

ஷீபா படத்தை வெகுநேரம் பார்த்தாள். இதுதான் நேரம்.

"ஷீபா... நாளைக்கு மேகமலைக்கு நம்ம குரூப்பு..."

"போயிட்டு வாங்களேன். நான் வேணாங்கலையே."

எனக்குச் சிறகு முளைத்தது.

"ஆனா, காலையில தூத்துக்குடியில இருந்து எங்க அக்காவும் அத்தானும் வாராக. ரெண்டு நாளு இருப்பாக. வீட்டு ஆம்பள இல்லைன்னா அத்தான் என்ன நெனப்பாக?"

"எப்பச் சொன்னாக?"

"போன வாரமே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா ஹாலு பச்சையால்ல இருந்திருக்கும்!"

மாடிக்குப் போய் அமானுல்லாவுக்குப் போன் போட்டேன்.

"பாய், நான் வரல. உங்க டிப்ஸ கேட்டு மூணு நாளா வீட்டு வேலை பாத்ததுதான் மிச்சம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல். பிறகு சிரிப்பு.

"மன்னிச்சுக்கங்கண்ணே. எங்க வீட்டுக்காரி அம்சத் சொன்னா, நான் எழுதுனேன். அவளுக்கு உங்க வீட்டம்மா போன்ல சொன்னாக."

"நீங்க ஏன் பாய் எழுதுனீக?"

"எழுதுனாத்தான் மேகமலைக்கு விடுவேன்னுட்டாளே!"

"அப்ப எல்லாமே பொய்யா?"

"சேச்சே, சுவரு, ஜன்னலு எல்லாம் நெசம். ஃபேன் மட்டுந்தான்... தொடச்சுப்புட்டீகளா?"

போனை வைத்தேன்.

சனிக்கிழமை குழுவில் மேகமலை மேகம் மேகமாக வந்து இறங்கியது. அமானுல்லா இருவாச்சியே எடுத்துவிட்டார். நான் அத்தானுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஞானபாக்கியம் ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தங்கையின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். அடுப்படியில் இருவரும் ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். ஷீபா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"ஏங்க, நீங்க எடுத்த படம் அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். தூத்துக்குடியில அவுக வீட்டுல வச்சு அவுகளையும் ஒண்ணு எடுக்கணுமாம். பெயிண்டெல்லாம் வாங்கி வச்சுட்டாகளாம்!"